வயதான பென்ஸும் வீட்டுக் கணக்கும்

மனிதர்களுக்கு வயது ஏற ஏற மதிப்பு ஏறுகிறதோ இல்லையோ, மோட்டார் வண்டிகளுக்கு வயது ஏற ஏற விலை இறங்கிவிடுகிறது. இது எல்லோரும் அறிந்த விஷயம். ஆனால் வண்டியின் விலை இறங்கும்போது அதன் உறுப்புகளின் விலையும் கூடவே இறங்குவதில்லை. இது எல்லோரும் அறிந்த விஷயம் அல்ல. அறியாதவர்கள்தான் பழைய பெரிய வண்டியை மலிவாக வாங்கி வந்து, வாசலில் நிறுத்தி, ஒரு மாதம் பெருமைப்பட்டு, மறு மாதம் பெருமூச்சு விடுகிறார்கள்.

"ஒரு சிறிய வண்டியின் விலைக்கு முப்பது வருஷத்து மெர்ஸிடிஸ் பென்ஸ் கிடைக்கிறது, வாங்கலாமா?" என்று நேயர் ஒருவர் கேட்கிறார். இன்னொரு நேயரோ, "தகப்பனார் வைத்துவிட்டுப் போன பென்ஸ் கொட்டகையில் நிற்கிறது. விற்க மனம் இடங் கொடுக்கவில்லை. வைத்துக்கொள்ளப் பணப்பை இடங் கொடுக்கவில்லை. என் செய்வேன்?" என்கிறார். முதல் நேயருக்கு ஆசை. இரண்டாம் நேயருக்குப் பாசம். இரண்டும் பணத்தை விழுங்கக் கூடியவைதான். ஆயினும் இருவருக்கும் பதில் ஒன்றே. யானையைக் கட்டித் தீனி போட முடியும். ஆனால் எந்த வேளைக்கு எந்தத் தீனி என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் 'பழைய பென்ஸ்' என்று சொன்னால், பெரும்பாலும் அது டபிள்யூ 124 என்ற வகையாக இருக்கும். ஜெர்மனியில் 1984-ஆம் வருஷக் கடைசியில் வெளிவந்த வண்டி அது. 1994-இல் மெர்ஸிடிஸ் கம்பெனியாரும் டெல்கோ கம்பெனியாரும் கூட்டுச் சேர்ந்து இந்தியாவில் தொழில் தொடங்கினார்கள். 1995-இல் புனேயில் முதன்முதலாகப் பூட்டி வெளியே அனுப்பியது இந்த வண்டியைத்தான். பெட்ரோலில் ஓடும் ஈ 220 என்றும், ஐந்து சிலிண்டர் டீசலான ஈ 250 என்றும் இரு வகைகள் வந்தன. அந்த நாளில் அதில் ஏறிச் சென்றவர்கள் ஆலை முதலாளிகளும் பெரிய டாக்டர்களும்தான். இன்று அதே வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்து, நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்து நிற்கிறது.

களைத்துவிட்டது என்று சொன்னேனே தவிர, செத்துவிட்டது என்று சொல்லவில்லை. கிரேக்க நாட்டில் தெசலோனிகி என்ற நகரில் கிரிகோரியோஸ் சாக்கினிடிஸ் என்ற டாக்சி ஓட்டுநர் இருந்தார். 1976-இல் செய்யப்பட்ட 240 டி என்னும் டீசல் பென்ஸ் ஒன்றை அவர் பழையதாகவே வாங்கினார். அதை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார்! 2004-இல் கம்பெனியாரே அதைக் கேட்டு வாங்கித் தங்கள் மியூசியத்தில் வைத்துக்கொண்டார்கள். இதைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, பென்ஸ் வண்டிக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை' என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த ஓட்டத்திற்கிடையே அவர் யந்திரத்தைப் பல முறை கழற்றி மாற்றியிருக்கிறார். வண்டி நீடித்ததற்குக் காரணம் அது பழுதே ஆகாமல் இருந்தது அல்ல, பழுதானபோதெல்லாம் பார்க்கப்பட்டதுதான்.

*

சிக்கனம் என்பது செலவே செய்யாமல் இருப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். பழைய வண்டி விஷயத்தில் இதைப் போன்ற ஆடம்பரமான நினைப்பு வேறு கிடையாது. ஐந்நூறு ரூபாய் ரப்பர்க் குழாயை மாற்றாமல் மிச்சம் பிடித்தவர், யந்திரத்தையே பிரித்து வேலை செய்யும்போது அந்த ஐந்நூறை நூறு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறார். ஆகவே, சிக்கனம் என்பது செலவை மறுப்பது அன்று, செலவை வரிசைப்படுத்துவது. இந்தக் கட்டுரையில் சொல்ல வேண்டியது முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

வரிசை என்ன? முதலில், உயிரைக் காப்பவை: பிரேக், டயர், ஸ்டீயரிங், எரிபொருள் குழாய். இரண்டாவது, யந்திரத்தைக் காப்பவை: தண்ணீர், எண்ணெய். மூன்றாவது, வழியில் நின்றுவிடாமல் காப்பவை: பாட்டரி, வயரிங், ரப்பர் இணைப்புகள். நான்காவது, சௌகரியங்கள்: குளிர்சாதனம், கண்ணாடி ஏற்றும் மோட்டார் முதலியவை. ஐந்தாவதும் கடைசியுமாக, அலங்காரம்.

உலக வழக்கமோ இதற்கு நேர் தலைகீழாக இருக்கிறது. பழைய பென்ஸை வாங்கியவர் முதல் வாரத்தில் செய்வது என்ன? மேலே பாலிஷ் போடுகிறார்; ஆசனங்களுக்குப் புதுத் தோல் தைக்கிறார்; முன்னால் நிற்கும் மூன்று முனை நட்சத்திரம் உடைந்திருந்தால் அதைத் தேடி ஊரெல்லாம் அலைகிறார். பிரேக் எண்ணெயை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால், "மாற்ற வேண்டுமா என்ன?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார். மணப்பெண்ணுக்கு நகை பூட்டிவிட்டுக் காய்ச்சலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது போலத்தான் இது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் சூட்டு நிலை இறங்கிவிடும். ஏற்காட்டு மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கி வரும்போது, பிரேக்கை மீண்டும் மீண்டும் மிதித்த சூட்டில் அந்த எண்ணெய் கொதித்து ஆவியானால், பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அந்த எண்ணெயை மாற்றிவிடுவது அதிகச் செலவில்லாத காரியம். சக்கரத்தருகே இருக்கும் பிரேக் ரப்பர்க் குழாய்கள் வெளியே பார்ப்பதற்கு நன்றாயிருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்வதுண்டு. முப்பது வருஷத்துக் குழாய் என்றால் யோசனையே வேண்டாம். நான்கையும் மாற்றிவிட வேண்டியதுதான்.

டயரைப் பார்ப்பவர்கள் அதன் பற்களை மட்டும் பார்க்கிறார்கள். வயதைப் பார்ப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அதிகம் ஓடாத பெரிய வண்டியின் டயரில் பற்கள் புதிது போல் இருக்கும். ரப்பரோ காய்ந்து வெடித்திருக்கும். பத்து வருஷம் ஆன டயரைப் பல் இருக்கிறதே என்று வைத்துக்கொண்டிருப்பது விபரீதம். இதில் நல்ல செய்தி ஒன்றும் உண்டு. டபிள்யூ 124-இன் சாதாரண டயர் அளவு 195/65 ஆர் 15. நடுத்தர வண்டிகள் சிலவற்றுக்கும் இதே அளவுதான். பென்ஸ் என்ற பெயருக்காக ஒரு காசும் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

எரிபொருள் குழாயைப் பற்றி இக்காலத்தில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025-ஆம் வருஷத்தில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு நூற்றுக்கு 20 பங்கை எட்டிவிட்டது. 1990-களில் செய்த ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் குழாய் தனியாக விற்கிறது. பழைய குழாய்களுக்குப் பதிலாக அதைப் போட்டுக்கொள்ளலாம். காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை அடித்தால், அன்று வண்டியை எடுக்கக் கூடாது. சூடான யந்திரத்தின்மேல் சொட்டும் பெட்ரோலுக்கு அலட்சியம் தெரியாது. நெருப்பு மட்டும் தெரியும்.

*

அடுத்தபடி யந்திரம். சென்னை போன்ற ஊரில் பழைய பெரிய வண்டிகளின் யந்திரங்களுக்கு ஓட்டத்தை விட உஷ்ணம்தான் பெரிய சத்துரு. போக்குவரத்து நெரிசலில் நின்று நின்று போகும்போது ரேடியேட்டரின்மேல் காற்றுப் படாது. அப்போது அதைக் காப்பாற்ற வேண்டியவை விசிறியும், தண்ணீர்ப் பம்பும், தெர்மாஸ்டாட்டும், சுத்தமான கூலண்டும். இவற்றில் ஒன்று தவறினால் ஹெட் காஸ்கெட் போய்விடும். அலட்சியமாக ஓட்டினால் ஹெட்டே வளைந்துவிடும்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் சம்பாஷணை ஒன்றைக் கேளுங்கள்.

"ஸார், வண்டி சூடாகுதுன்னு சொன்னீங்களே, தெர்மாஸ்டாட்டைக் கழட்டி வீசிட்டேன். இனிமே சூடே ஏறாது!"

"ரொம்ப உபகாரம், மேஸ்திரி. அதை எதற்காகத்தான் வைத்திருக்கிறார்களாம்?"

"அது குளிர் தேசத்துக்கு ஸார். நம்ம ஊருக்கு வேணாம்."

மேஸ்திரி கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது சரியல்ல. யந்திரம் ஒரு குறிப்பிட்ட சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அந்தச் சூட்டைச் சீக்கிரம் எட்டச் செய்வதும், பிறகு அதிலேயே நிறுத்துவதும் தெர்மாஸ்டாட்டின் தொழில். அது இல்லாவிட்டால் காலையில் யந்திரம் வெகு நேரம் குளிர்ந்தே ஓடும், எரிபொருள் அதிகம் செலவாகும், எண்ணெய் கெடும், உள்ளுறுப்புகள் தேயும். பென்ஸ் யந்திரங்களில் இன்னொரு விசேஷமும் உண்டு. தெர்மாஸ்டாட் திறக்கும்போது, ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழியையும் அது மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கே ஓடிவிடும். சூட்டைக் குறைக்கச் செய்த வைத்தியம் சூட்டை வளர்க்கும்! புதுத் தெர்மாஸ்டாட்டின் விலையோ, ஹெட்டைக் கழற்றும் கூலியில் ஒரு சிறு பங்குதான்.

கூலண்ட் விஷயத்திலும் இப்படியே. ஆழ்குழாய்க் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றினால், வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போலவே அங்கும் உப்புப் படியும். சரியான கூலண்டையும் வடித்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்ற வேண்டும். டபிள்யூ 124 ரேடியேட்டரின் மேல் குழாய் வந்து சேரும் பிளாஸ்டிக் கழுத்து, வயதானால் நொறுங்கிப்போகும் தன்மையுள்ளது. வெளியூர்ப் பிரயாணத்திற்கு முன் அங்கே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

எண்ணெயைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறையாவது எண்ணெயையும் பில்டரையும் மாற்ற வேண்டும். 'வண்டியே எடுப்பதில்லை, எண்ணெய் எதற்கு?' என்பது வழக்கமான கேள்வி. எப்போதோ ஒரு நாள் கோயிலுக்குப் போய் வரும் வண்டியில், யந்திரம் முழுச் சூடு ஏறுமுன் நிறுத்திவிடுவதால் உள்ளே ஈரம் தங்கி எண்ணெய் இன்னும் சீக்கிரமாகக் கெடுகிறது. வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் நன்றாக ஓட்டுவது, வீட்டுப் பெரியவர்கள் காலையில் நடப்பதைப் போன்றது. ஈ 220-ஆனாலும் டீசலானாலும் உள்ளே டைமிங் வார் கிடையாது, சங்கிலிதான். அதனால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை வார் மாற்றும் செலவு மிச்சம். ஆனால் சங்கிலியும் நாளடைவில் நீளும். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அது எவ்வளவு நீண்டிருக்கிறது என்று ஒரு முறை அளந்து பார்த்துவிடுவது நல்லது.

*

மூன்றாவது வரிசையில்தான் பழைய பென்ஸின் குறும்புகள் இருக்கின்றன. 1990-களின் முற்பகுதியிலும் நடுவிலும் செய்த பல வண்டிகளில், யந்திரத்தைச் சுற்றிய வயர்களின் மேலுறை காலக்கிரமத்தில் மக்கிப்போகும் பொருளால் ஆனது. முப்பது வருஷ உஷ்ணத்தில் அது முறுக்குப் போல நொறுங்குகிறது. உள்ளிருக்கும் செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கின்றன. வண்டி ஒரு நாள் ஓடும். ஒரு நாள் ஓடாது. ஒரு நாள் திணறும். பட்டறைக்காரர் பிளக்கை மாற்றுவார், காயிலை மாற்றுவார், கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்றச் சொல்லுவார். ஒவ்வொன்றுக்கும் ஆயிரக் கணக்கில் ரூபாய் போகும். குற்றவாளியோ வயர் உறைக்குள் சுகமாக உட்கார்ந்திருப்பான். ஆகவே இந்தக் காலத்து வண்டியை வாங்குமுன் வயர்க் கட்டின் உறையைச் சற்று விலக்கி, உள்ளே இருக்கும் வயரை மெதுவாக வளைத்துப் பார்க்க வேண்டும். நொறுங்கினால் புது வயர்க் கட்டின் விலையை வண்டி விலையில் கழித்துக்கொண்டு பேச வேண்டியதுதான்.

இன்னொரு வேடிக்கை டீசல் வண்டியில் உண்டு. பழைய டீசல் பென்ஸ்களில் யந்திரத்தை நிறுத்துவது மின்சாரம் அல்ல. காற்றை உறிஞ்சும் சக்தி, அதாவது வாக்குவம். கதவுப் பூட்டுகளும் அதே சக்தியால்தான் வேலை செய்கின்றன. எங்கேனும் சிறு ரப்பர்க் குழாயில் கீறல் விட்டால், சாவியைத் திருப்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் யந்திரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்! பார்ப்பவர்களுக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று தோன்றும். பேய் இல்லை, காற்றுக் கசிவுதான். இதற்கென்றே பல வண்டிகளில் பானெட்டுக்குள் 'ஸ்டாப்' என்று பொறித்த சிறு நெம்புகோல் இருக்கிறது. அதை அழுத்தி யந்திரத்தை நிறுத்திவிட்டு, கசிவு எங்கே என்று ஒவ்வொரு பகுதியாக அடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விலை உயர்ந்த பம்பை மாற்றச் சொல்லும் இடத்தில் பத்து ரூபாய் ரப்பர்த் துண்டே வேலையை முடித்துவிடலாம்.

இந்த இரண்டு உதாரணங்களிலும் உள்ள நீதி ஒன்றுதான்: நோயைக் கண்டுபிடிக்குமுன் மருந்து வாங்கக் கூடாது. பழைய வண்டியில் பணம் அதிகமாகப் போவது பழுதான உறுப்புகளுக்கு அல்ல; பழுதாகாத உறுப்புகளை மாற்றுவதற்கே. 'இதை மாற்றிப் பார்ப்போம்' என்று ஒரு மெக்கானிக் சொன்னால், 'இதுதான் காரணம் என்று எப்படித் தெரிந்தது?' என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல மெக்கானிக்குக் கோபம் வராது, காட்டி விளக்குவார். கோபித்துக்கொள்பவரை அத்துடன் விட்டுவிடலாம். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளப்பது, ரேடியேட்டரில் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது, பாட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் மீட்டர் வைத்துப் பார்ப்பது — இவற்றுக்கெல்லாம் கூலி கொடுக்கக் கஞ்சத்தனம் வேண்டாம். டாக்டர் பீஸைக் கொடுக்க மனமில்லாமல் கண்ட மருந்தையும் வாங்கித் தின்பவர் எந்தக் குடும்பத்திலும் பணம் மிச்சப்படுத்தியதில்லை.

நான்காவது வரிசையில் குளிர்சாதனம் மட்டும் தனி எச்சரிக்கைக்கு உரியது. டபிள்யூ 124-இல் கூலிங் காயில் டாஷ்போர்டுக்கு உள்ளே வெகு ஆழத்தில் இருக்கிறது. அது கசிந்தால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். உறுப்பின் விலையை விடக் கூலி பெரிதாகிவிடும். ஆகையால் ஒரு முறை கழற்றினால், அந்தப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற மற்ற வேலைகளையும் சேர்த்தே முடித்துவிட வேண்டும். அதே சமயம், வாயு குறைந்ததெல்லாம் கூலிங் காயில் கசிவு அல்ல. வெளியே இருக்கும் ரப்பர் வளையங்களை முதலில் சோதித்த பிறகுதான் டாஷ்போர்டின்மேல் கை வைக்க வேண்டும்.

*

உறுப்புகள் வாங்குவது ஒரு தனிக் கலை. பென்ஸ் கம்பெனியின் பெட்டியில் வரும் உறுப்புகள் பலவற்றைப் பென்ஸ் கம்பெனி செய்வதில்லை. எரிபொருள் பம்பு பாஷ் கம்பெனி செய்தது. பால் ஜாயிண்டும் ஸஸ்பென்ஷன் கைகளும் லெம்போர்டர் செய்தவை. ரேடியேட்டர் பேர் செய்தது. பில்டர் மான் அல்லது மாலே செய்தது. இதே கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் அவற்றை விற்கின்றன. பெட்டியின்மேல் நட்சத்திரம் இராது. விலையும் அவ்வளவு இராது. கழற்றிய உறுப்பின்மேல் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணைக் கொண்டே விலை விசாரிக்க வேண்டும். 124 என்று தொடங்கும் எண் இந்த வகை வண்டிக்கென்றே செய்த உறுப்பு. 111 என்று தொடங்கினால் ஈ 220-இன் யந்திரத்தைச் சேர்ந்தது. எண் இல்லாமல் 'பென்ஸ் பால் ஜாயிண்ட்' என்று கேட்பவருக்குக் கிடைப்பது கடைக்காரர் விற்க விரும்பும் பால் ஜாயிண்ட்.

இந்த வகை வண்டிகள் உலகமெங்கும் 25 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டவை. ஆதலால் உறுப்புகளுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும், டில்லியில் காஷ்மீர் கேட்டும் மாயாபுரியும் உதிரிச் சாமான்களுக்குப் பேர்போன இடங்கள். பழைய சாமான் வாங்குவதில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கதவுப் பிடி, விளக்குக் கண்ணாடி, ஆசனம், டாஷ்போர்டுப் பலகை, கதவு ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். அவை தேய்ந்து ஆளைக் கொல்வதில்லை. பிரேக், ஸ்டீயரிங், ரப்பர் எதையும் பழையதாக வாங்கக் கூடாது. ரப்பருக்கு ஓட்டம் மட்டும் வயதல்ல, வருஷமும் வயது. எதை வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்குங்கள்; இன்னார் வண்டியின் உறுப்பு என்ற வம்பு பின்னால் வராமல் இருக்கும்.

இனி வீட்டுக் கணக்கு. வண்டிக்கென்று ஒரு தனி நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, எத்தனை கிலோமீட்டர், என்ன வேலை, என்ன உறுப்பு, என்ன செலவு — இந்த ஐந்து கலங்கள் போதும். ஒரு வருஷம் எழுதினால், எந்த வேலை திரும்பத் திரும்ப வருகிறது, எந்தப் பட்டறையில் செய்த வேலை நிலைக்கவில்லை என்பதெல்லாம் தானே வெளியாகிவிடும். முன்பின் அறியாத பட்டறைக்குப் போனாலும் அந்த நோட்டு உங்கள் பக்கம் நின்று பேசும். வண்டி வாங்கும் போதே, வாங்கும் விலையில் சரிபாதியையாவது தனியாக ஒதுக்கி வையுங்கள். அது முதல் வருஷச் செலவுக்கு. முந்திய சொந்தக்காரர் தள்ளிப்போட்ட வேலைகளெல்லாம் புதிய சொந்தக்காரருக்காகத்தான் காத்திருக்கின்றன. ஒதுக்கி வைக்கப் பணமில்லாவிட்டால், அந்த வண்டி உங்களுக்கு மலிவானது அல்ல. அதற்குப் பிறகு மாதந்தோறும் ஒரு தொகையைப் போட்டு வாருங்கள். பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு வைத்த பணத்தில் கை வைத்துக் கியர் பெட்டி ரிப்பேர் செய்யும் நிலைமை எந்த வீட்டிலும் வரக் கூடாது.

காகிதங்களையும் மறக்க வேண்டாம். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷத்துக்கு. பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டி தகுதியோடு இருப்பதைக் காட்ட வேண்டும். மூன்றாம் மனிதருக்கான இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் இல்லாமல் தெருவில் எடுப்பது குற்றம். வாங்கும் முன்பே பதிவு எந்தத் தேதி வரையில் என்று பார்க்காதவர், வண்டியோடு ஓர் அலுவலக அலைச்சலையும் சேர்த்து வாங்குகிறார்.

*

எப்போது கைவிடுவது? பாசமுள்ள இரண்டாம் நேயருக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். யந்திரம் போனால் மாற்றலாம். கியர் பெட்டி போனால் மாற்றலாம். வயரிங்கை முழுதும் புதிதாகப் போடலாம். துரு மட்டும் வேறு ஜாதி. கடற்காற்றில் நின்ற வண்டியில் அது வெளியே தெரிவதற்கு முன் உள்ளே பரவிவிடும். டபிள்யூ 124-இன் கீழ்ப்பக்கத்தில் கதவுகளின்மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பலகைகள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் துருவுக்கு நல்ல மறைவிடம். ஜாக் கொடுக்கும் இடங்களைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். மேல் தகட்டில் துரு என்றால் டிங்கர் வேலையில் தீரும். ஸஸ்பென்ஷன் பூட்டியிருக்கும் இடங்களிலும் அடிச்சட்டத்திலும் இரும்பு பொடியாக உதிர்ந்தால், மேற்கொண்டு போடும் பணம் ஆற்றில் கரைத்த புளிதான். அந்த வண்டியை உறுப்புகளாகப் பிரித்து விற்றால், அதே வகையான இன்னும் நாலு வண்டிகள் பிழைக்கும். தகப்பனாரின் ஞாபகத்திற்கு ஸ்டீயரிங் சக்கரத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்; அதற்குக் குறைவு ஒன்றும் இல்லை.

அடிச்சட்டம் உறுதியாக இருந்தாலோ, கவலைப்பட வேண்டாம். ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். இந்த மாதம் பிரேக். அடுத்த மாதம் டயர். பிறகு தண்ணீர்க் குழாய்களும் ரேடியேட்டரும். தீபாவளிக்குப் பிறகு யந்திர மவுண்டிங்கும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் இணைப்புகளும். இப்படி வரிசையாகச் செய்து வந்தால் இரண்டு வருஷத்தில் நம்பி ஏறக் கூடிய வண்டி வாசலில் நிற்கும். வர்ணம் சற்று மங்கியிருக்கலாம். ஆசனத்தில் ஒரு தையல் விட்டிருக்கலாம். பாதகமில்லை. மலையிலிருந்து இறங்கும்போது பின் ஆசனத்தில் தூங்கும் குழந்தைக்கு வர்ணம் தெரியாது. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் நேயருக்கும் ஒரு வார்த்தை. பெருமைக்காக வாங்குவதானால் வாங்க வேண்டாம். பெருமை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும், வண்டியின் தேவைகள் தீரா. நோட்டுப் புத்தகமும், ஒதுக்கிய பணமும், கேள்வி கேட்டால் கோபிக்காத ஒரு மெக்கானிக்கும் அமைந்துவிட்டால் தாராளமாக வாங்குங்கள். அந்த மூன்றில் கிடைக்க அரியது மூன்றாவதுதான். ஆகையால் முதலில் மெக்கானிக்கைத் தேடுங்கள். வண்டியைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.